விடுமுறை நாள்களில் குழந்தைகள்: மன்றங்களின் தரத்தை அளப்பது எவ்வாறு?

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன் அட்டவணை, ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்கு 200 வேலை நாள்களையும், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 220 வேலை நாள்களையும் குறைந்தபட்சமாக வகுத்துள்ளது. கல்வியாளர்கள் இதனைக் கற்பித்தலுக்குரிய நாள்களின் கணக்காகக் கொள்வர். பொருளாதாரம் பயின்றவனுக்கு இதே கணக்கு வேறொரு செய்தியையும் தெரிவிக்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாய்க்கு வார ஓய்வு நாள்கள் 52. பண்டிகை விடுமுறைகளையும் சேர்த்துக் கழித்தால் அவள் ஆண்டில் ஏறத்தாழ 300 நாள்கள் வேலைக்குச் செல்கிறாள். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்ற விகிதப்படி அவளுக்குக் கிடைப்பது 15 நாள்கள். மூன்றாம் வகுப்பில் பயிலும் அவளுடைய மகனுக்கோ பள்ளி 200 நாள்கள் மட்டுமே என்று கொள்வோம். தாய் வேலைக்குச் சென்றாக வேண்டிய, மகனுக்குப் பள்ளி இல்லாத நாள்கள் 85. பள்ளி 220 நாள்கள் இயங்கினாலும் எஞ்சுபவை 65. நாட்கூலி பெறும் தாய்க்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்பதே இல்லை.

இந்நாள்களில் அக்குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்கிறது? இக்கேள்விக்கு நம் சட்டங்களில் விடை தேடினால் ஒரு விந்தையான இடைவெளி தென்படும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் குழந்தைக் காப்பகங்களை விதித்தன. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக மட்டும். அவற்றின் இடத்தைப் பெற்ற 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்திலும் வயது வரம்பு அதுவே. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்திற்கு ஐந்து குழந்தைகள் உடன் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்கச் சொன்னது. அங்கும் ஆறு வயது வரையே. மத்திய அரசின் 'பால்னா' காப்பகத் திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உரியது. ஆறு வயதானதும் குழந்தையைப் பள்ளி ஏற்றுக்கொள்கிறது என்பது இச்சட்டங்களின் பின்னுள்ள ஊகம். பள்ளிக்கு விடுமுறை உண்டு என்பதை அந்த ஊகம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப முயலும் அமைப்புகளையே இக்கட்டுரையில் 'விடுமுறை மன்றங்கள்' என்று குறிப்பிடுகிறோம். பால பவன்களின் கோடைக்கால நிகழ்ச்சிகள், நூலகங்களின் சிறுவர் முகாம்கள், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்கள், கட்டணம் பெற்று நடத்தப்படும் தனியார் கோடை முகாம்கள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவோர் உண்டு; இவற்றில் கற்பிக்கப்படும் கலைகளின் பட்டியலைப் பற்றிப் பேசுவோர் இன்னும் மிகுதி. அங்கே குழந்தைகள் எவ்வாறு பராமரிக்கப்படுகிறார்கள், அவர்களுக்கு அளிக்கப்படும் நடவடிக்கைகள் எத்தகைய தரத்தில் உள்ளன என்ற வினாவைக் கேட்போர் குறைவு. இவ்வினாவே இங்கு நமது பொருள்.

பழைய தொடக்கங்கள்

விடுமுறையில் குழந்தைகளைப் பொது ஏற்பாட்டில் பேணும் வழக்கம் ஐரோப்பாவில் உடல்நலத்தை முன்னிட்டுத் தோன்றியது. 1876-இல் சூரிச் நகரத்துப் பாதிரியார் வால்டர் பியோன், நெரிசலான நகர்ப்பகுதிகளில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகள் அறுபதுக்கும் மேற்பட்டோரை மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றார். நல்ல காற்று, போதிய உணவு, சில வார ஓய்வு ஆகியவையே அவருடைய நோக்கம். இம்முறை பிரான்சில் வேரூன்றிப் பெரிய இயக்கமாக வளர்ந்தது.

நம் நாட்டில் தொடக்கம் வேறு திசையிலிருந்து வந்தது. 1956-இல் பண்டித நேருவின் முயற்சியால் தில்லியில் பால பவன் நிறுவப்பட்டது. பள்ளியின் பாடத்திட்டமும் தேர்வும் அளிக்க இயலாத ஒன்றைக் குழந்தைகளுக்கு அளிப்பது அதன் குறிக்கோள். 5 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகள் அங்கு உறுப்பினராகலாம். மண்பாண்டம், ஓவியம், நாடகம், இசை, அறிவியல் என்று பிரிவுகள் பல. எதில் அமர்வது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கும். கோட்லா சாலை வளாகத்தில் ஓடும் சிறிய இரயில் வண்டியை நினைவில் வைத்திருக்கும் தில்லிவாசிகள் இன்றும் பலர். இதே வடிவில் மாநிலங்களிலும் பால பவன்கள் எழுந்தன. பெங்களூரு கப்பன் பூங்காவிலும் திருவனந்தபுரத்திலும் உள்ளவை பரவலாக அறியப்பட்டவை; தமிழ்நாட்டில் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இவ்வழியில் தோன்றியவை.

இன்னொரு தொடக்கமும் உண்டு. அது மேற்கண்டவற்றைப்போல் புகழ் பெறவில்லை. 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டித் தில்லி ராஜ்காட் அருகே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தாள் பெண்களின் குழந்தைகள் மண்ணிலும் கற்குவியலுக்கிடையிலும் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரஷஸ்' என்ற அமைப்பு அவ்வாறு பிறந்தது. கைக்குழந்தைகளுக்கென்று தொடங்கிய இடத்திற்கு அவர்களுடைய அக்காள்களும் அண்ணன்களும் வந்து சேர்ந்தனர். பன்னிரண்டு வயது வரையுள்ளோருக்கும் அங்கு இடம் தேவைப்பட்டது. இக்காப்பகம் கலையை வளர்க்க எழுந்ததன்று. தாயின் வேலை நேரத்தைக் கருதி எழுந்தது. பால பவனின் வளமான நடவடிக்கைகளும் இக்காப்பகத்தின் நேரக் கணக்கும் ஒன்றுசேர்ந்த அமைப்பு நம்மிடையே இன்றும் அரிது. பெரும்பாலான கோடை நிகழ்ச்சிகள் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரை மணிக்குள் முடிந்துவிடுகின்றன. மூன்றரை மணி நேரத்தில் ஒரு குழந்தை நன்கு ஓவியம் பயிலலாம். அதன் தாய் ஒரு நாள் கூலி ஈட்ட இயலாது.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

கட்டணம் செலுத்தும் பெற்றோர் எதைப் பார்த்து ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? துண்டறிக்கையில் அச்சிடப்பட்ட நடவடிக்கைகளின் பட்டியலைப் பார்க்கிறார்கள். இறுதி நாள் கண்காட்சியைப் பார்க்கிறார்கள். இடைப்பட்ட நாள்களில் பகல் பதினொரு மணிக்கு அங்கு என்ன நடக்கிறது என்பதை அவர்கள் காண்பதில்லை. தாகம் என்று சொன்ன குழந்தைக்குத் தண்ணீர் கிடைத்ததா, அழுத குழந்தையின் பக்கத்தில் யாரேனும் அமர்ந்தனரா, கழிப்பறைக்குத் தனியே சென்ற சிறுமி திரும்பினாளா என்று ஒருவர் பார்த்தனரா? இவை எந்தத் துண்டறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. ஐந்து வயதுக் குழந்தை இவற்றை வீட்டில் வந்து விளக்கிச் சொல்லவும் இயலாது. விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது, சந்தையில் நிகழ்வது என்ன என்பதைப் பொருளாதார மாணவர்கள் அறிவர்: கண்ணுக்குத் தெரியும் பகுதியில் செலவு கூடும், தெரியாத பகுதியில் செலவு குறையும். புதிய நடவடிக்கை ஒன்று பட்டியலில் சேரும். ஓர் ஆயாவின் இடம் காலியாகவே இருக்கும்.

அரசு மன்றங்கள் இந்நோயிலிருந்து விடுபட்டவை என்று கூறுவதற்கில்லை. அங்கு வாங்குபவரின் இடத்தில் ஆண்டறிக்கை நிற்கிறது. அறிக்கைக்குத் தேவை பதிவு செய்த குழந்தைகளின் எண்ணிக்கையும் நடத்திய பிரிவுகளின் எண்ணிக்கையும்.

சில ஆண்டுகளுக்கு முன் பணி நிமித்தம் ஒரு நகரத்தின் சிறுவர் மன்றத்தைக் காணச் சென்றேன். பொறுப்பாளர் பெருமையுடன் இருப்பறையைத் திறந்து காட்டினார். தபேலாக்கள் உறையுடன், கேரம் பலகைகள் பளபளப்புடன், ஒரு நுண்ணோக்கி அதன் மரப்பெட்டியில். இருப்புப் பதிவேட்டில் ஒரு பொருள்கூடக் குறையவில்லை. பக்கத்துக் கூடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரே ஆசிரியரின் முன் அமர்ந்து, கரும்பலகையில் வரைந்த மாம்பழத்தைத் தத்தம் ஏட்டில் வரைந்துகொண்டிருந்தனர். எல்லா மாம்பழங்களும் ஒன்றுபோல் இருந்தன. நுண்ணோக்கியைக் குழந்தைகள் எப்போது பயன்படுத்துவர் என்று கேட்டேன். உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று அவர் மெல்லச் சொன்னார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. உடைந்த பொருளைக் குறித்துத் தணிக்கையாளர் ஆட்சேபணை எழுதுவார். ஐந்தாண்டுகளாக உடையாத பொருளைக் குறித்து எவரும் ஆட்சேபணை எழுதியதாக நான் கண்டதில்லை. சிறுவர் மன்றங்களுக்குரிய பொருள்களில் ஒரு பகுதியைத் தேய்மானத்திற்கு உரியவை என்று முன்னரே வகைப்படுத்தி, ஆண்டுதோறும் குறிப்பிட்ட வீதம் கணக்கிலிருந்து நீக்க அனுமதித்தால், புதிய பொருள் ஒன்றும் வாங்காமலே நடவடிக்கைகளின் தரம் உயரும்.

ஆளுக்கு எத்தனை குழந்தைகள்?

பராமரிப்பின் தரத்தை நிருணயிக்கும் காரணிகளுள் முதன்மையானது, ஒரு பெரியவரின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் உள்ளனர் என்பதே. பிரான்சில் விடுமுறைக்கால மையங்களுக்கு இது சட்டபூர்வமாக வரையறுக்கப்பட்டுள்ளது: ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட எட்டுக் குழந்தைகளுக்கு ஒருவர்; ஆறும் அதற்கு மேலும் ஆன பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஒருவர். பொறுப்பேற்போரில் பாதிப்பேரேனும் உரிய பயிற்சிச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கட்டணம் பெற்றுப் பேணும் விடுமுறை மன்றங்கள் பொதுவாகப் பதிவு பெற்று ஆய்வுக்கு உட்படுகின்றன. நம் நாட்டில் தேசியக் காப்பகத் திட்டம் 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளரையும் ஓர் உதவியாளரையும் விதித்தது. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கான விடுமுறை மன்றங்களுக்கென்று நாடு தழுவிய விகிதம் எதுவும் வகுக்கப்படவில்லை.

இதன் செலவு எவ்வளவு என்ற வினா உடனே எழும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மன்றத்தில் 60 குழந்தைகள். பொறுப்பேற்போர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய். முப்பது குழந்தைகளுக்கு ஒருவர் என்றால் இருவர் போதும். குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய். பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஒருவர் என்றால் ஐவர் தேவை. குழந்தை ஒன்றுக்கு 50 ரூபாய். வேறுபாடு 30 ரூபாய். இந்த முப்பது ரூபாயை விட்டுவிட்டுத் தரத்தைப் பற்றி எழுதப்படும் வழிகாட்டு நெறிகள் தாளின் அளவிலேயே நின்றுவிடும். மற்றச் செலவினங்களில் நமக்குள்ள வாய்ப்பு மிகப் பெரிது. கட்டடம் முன்னரே உள்ளது. விடுமுறையில் ஊர்தோறும் பள்ளிகள் பூட்டிக் கிடக்கின்றன. மூலதனச் செலவு ஏறத்தாழ இல்லாத ஒரு பொதுப்பணி இதைப்போல் அரிதாகவே வாய்க்கும்.

ஆயினும் பூட்டிய பள்ளியைத் திறப்பதில் உள்ள நடைமுறைத் தொல்லைகளை அறியாதோரே இதனை எளிது என்பர். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். அவர் வெளியூர் சென்றிருப்பார். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுபவர் விடுப்பில் இருப்பார். கழிப்பறை ஒரு மாதமாகத் துப்புரவு செய்யப்படாமல் கிடக்கும். மே மாதத்து வெயிலில் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் எத்தனை கலைகளைக் கற்பித்து என்ன பயன்? பெண் குழந்தைகளே முதலில் நின்றுவிடுகிறார்கள். பள்ளி ஆசிரியர்களை இப்பணிக்கு அழைப்பதாயின், விடுமுறையை இழப்பதற்கு ஈடாக ஈட்டிய விடுப்பு வழங்கும் விதியை நேர்மையாகச் செயற்படுத்த வேண்டும். ஆசிரியப் பயிற்சி மாணவர்களும், 1969 முதல் இயங்கிவரும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் தொண்டர்களும் நல்ல துணையாவர். ஆனால் வாரத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டிருக்கும் தொண்டர்களைக் கொண்டு சிறு குழந்தைகளைப் பேணுவது கூடாது. ஆறு வயதுக் குழந்தை நம்பிக்கை கொள்வது ஒரு முகத்தின்மீது. அம்முகம் நாள்தோறும் வரவேண்டும்.

பாதுகாப்பும் உணவும்

பாதுகாப்பு பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை என்று எண்ணியிருந்த நிலையை அண்மை நிகழ்ச்சிகள் மாற்றிவிட்டன. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். படகில் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தனர். எல்லோருக்கும் மிதவைச் சட்டை அணிவிக்கப்படவில்லை. அதே ஆண்டு மே 25 அன்று, கோடை விடுமுறையின் நடுவில், ராஜ்கோட் நகரின் விளையாட்டு அரங்கொன்றில் தீப்பற்றி 27 பேர் மாண்டனர்; அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே அவ்வரங்கம் இயங்கிவந்தது. இவ்விரண்டும் விடுமுறை மன்றங்களில் நேர்ந்தவை அல்ல. ஆயினும் மன்றங்கள் குழந்தைகளை அழைத்துச் செல்லும் இடங்கள் இத்தகையவையே. நீர்நிலைக்கும் நீச்சல் குளத்திற்கும் அழைத்துச் செல்லும் நாளில் ஆளுக்கு இத்தனை குழந்தைகள் என்ற விகிதம் பாதியாகக் குறைய வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி எண்ண வேண்டும். வெளியேறும் வழி இரண்டில்லாத கூடத்தில் குழந்தைகளை அமர்த்தக் கூடாது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, பள்ளிகளும் காப்பகங்களும் மட்டுமல்லாது, குழந்தைகளுடன் இடைவிடாது தொடர்புகொள்ளும் எந்த நிறுவனமும் தன் பணியாளர் ஒவ்வொருவரையும் காவல்துறை மூலம் சரிபார்த்தல் வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பாளர், தம் கீழ்ப் பணியாற்றுவோர் இழைத்த குற்றத்தைத் தெரிந்தும் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மூன்று வாரங்களுக்கென்று அமர்த்தப்படும் நடன ஆசிரியருக்கும் வாகன ஓட்டுநருக்கும் இவ்விதி பொருந்தும். தற்காலிக முகாம் என்பதால் தமக்கு இது பொருந்தாது என்று எண்ணும் அமைப்பாளர்களைச் சந்தித்திருக்கிறேன்.

வெப்பம் மற்றொன்று. நண்பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் செல்லலாகாது என்பது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் அறிவுரை. காலை மட்டும் நடக்கும் மன்றம் சரியாக அந்நேரத்திற்கு முன் குழந்தைகளைத் தெருவில் விடுகிறது. நிழலான கூடம், பானைத் தண்ணீர், பாய், ஒரு மணி நேர உறக்கம், மாலை நான்கு மணிக்குமேல் மைதானம் என்று நாளை அமைத்தால் பராமரிப்பும் வளரும். தாயின் வேலை நேரமும் கூடிவரும்.

உணவைப் பற்றி ஒரு செய்தி. 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கப்பட வேண்டும் என்று பணித்தது. பள்ளி மூடியதும் குழந்தையின் பசியும் மூடிவிடுவதில்லை என்ற எளிய உண்மைக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அளித்த ஏற்பு இது. இங்கிலாந்தில் 2021 முதல் எல்லா உள்ளாட்சிப் பகுதிகளிலும், பள்ளியில் இலவச உணவு பெறும் குழந்தைகளுக்கு விடுமுறையில் உணவையும் விளையாட்டையும் ஒரே மன்றத்தில் அளிக்கும் திட்டம் நடைபெற்றுவருகிறது. நம் பள்ளிகளில் சமையற்கூடமும் பாத்திரங்களும் உள்ளன. வறட்சிக்கு மட்டும் உரிய ஏற்பாட்டை விடுமுறை மன்றம் நடக்கும் பள்ளிகளுக்கும் விரிவாக்கினால், வருகைப் பதிவேடு தானாகவே நிறையும்.

நடவடிக்கைகள்

நல்ல நடவடிக்கைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்பது தவறான எண்ணம். தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் கொண்டு வடிவியலையும், பழைய செய்தித்தாளைக் கொண்டு காற்றின் இயல்பையும் விளக்கும் விளையாட்டுப் பொருள்களை அரவிந்த் குப்தா பல ஆண்டுகளாக நாடெங்கும் பரப்பிவந்துள்ளார். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தின் வழியில் உருவானவை இவற்றுள் பல. குழந்தைகள் தாமே செய்து, உடைத்து, மறுபடி செய்யத்தக்க பொருள் எதுவோ அதுவே மன்றத்திற்கு உகந்தது. மைசூரு ரங்காயனத்தின் 'சின்னர மேளா'வைப் பாருங்கள். கோடையில் பல வாரங்கள் நடக்கும் இம்முகாமில் நாடகமே மையம். பாட்டு, முகமூடி, ஓவியம், கதை எல்லாம் அதனைச் சுற்றி அமைகின்றன. தில்லி தேசிய நாடகப் பள்ளியின் கல்விசார் நாடகக் குழுவும் கோடையில் சிறுவர் பட்டறைகள் நடத்திவருகிறது. ஒரே பணியில் வாரக்கணக்கில் ஈடுபடும் குழந்தை அடையும் நிறைவை, அரைமணிக்கு ஒரு கலையாக நாளொன்றுக்கு ஆறு கலைகள் தொட்டுச் செல்லும் குழந்தை அடைவதில்லை.

ஒன்றும் செய்யாதிருக்கும் நேரமும் நடவடிக்கையே. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமைகளாகக் கூறுகிறது. 1992 டிசம்பரில் இந்தியா அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. பள்ளி மணியைப் பின்பற்றி விடுமுறையையும் பாடவேளைகளாக வெட்டும் மன்றம் இவ்வுரிமையைப் பறிக்கிறது எனலாம். மரத்தடியில் கூட்டாக உட்கார்ந்து பேசுவது, கோலி ஆடுவது, பழைய இதழ்களைப் புரட்டுவது, ஒரு மூலையில் தனியே இருப்பது ஆகியவற்றுக்கு நாளின் ஒரு பகுதி ஒதுக்கப்பட வேண்டும். ஆனால் அந்நேரத்திலும் ஒரு பெரியவரின் கண் அங்கிருக்க வேண்டும். 'சுதந்திர நேரம்' என்று அட்டவணையில் எழுதிவிட்டுப் பணியாளர்கள் தேநீர் அருந்தச் செல்வதும் உண்டு.

கண்காட்சி நாளைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஐயம் உண்டு. என் மகள் சிறுமியாக இருந்தபோது சென்ற ஒரு கோடை முகாமின் இறுதி நாளில் அவள் பெயரிட்ட களிமண் யானை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மிக நேர்த்தியான யானை. வீட்டுக்கு வந்தபின், அது தான் செய்தது அன்று என்றும், தன்னுடைய யானைக்குத் துதிக்கை உடைந்துவிட்டதால் ஆசிரியை வேறு செய்து வைத்துவிட்டார் என்றும் சொன்னாள். பாராட்டியவர்கள் எல்லோரிடமும் அவள் அன்று பேசாமல் நின்றதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

யார் வருவதில்லை?

ஆய்வு செய்ய வரும் அலுவலர் வந்திருக்கும் குழந்தைகளைப் பார்க்கிறார். வராத குழந்தைகளைப் பதிவேட்டில்தான் தேட வேண்டும். முதல் நாள் பதிவை விட இரண்டாம் வார வருகையே மன்றத்தின் தரத்தைச் சொல்லும். குழந்தைகளுக்கு ஒரு மன்றம் பிடிக்கவில்லை என்றால் அவர்கள் மனு எழுதுவதில்லை, வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வருகையைச் சிறுவர், சிறுமியர் என்றும் வயதுவாரியாகவும் பிரித்து எழுதினால் பல செய்திகள் வெளிப்படும்.

மேலே கூறிய அதே நகரத்தில், மன்றத்தின் வாயிலில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் மூன்று வயதுத் தம்பி. உள்ளே வா என்றேன். தம்பியை விடமாட்டார்கள் என்றாள். விதி ஐந்து வயது முதல் என்பது உண்மையே. பொறுப்பாளர் விதியை மீறவில்லை. இச்சிறுமியைப் போன்றோர் நம் நாட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். விடுமுறையில் தாய்க்குப் பதிலாகத் தாயாக இருப்பவள் அவள்தான். அவளுக்கே ஓய்வு மிகுதியும் தேவை. அவளையே விதி வெளியே நிறுத்துகிறது. மன்றத்தை அங்கன்வாடியின் அருகில் நடத்துவது ஒரு வழி. தம்பி தங்கையருக்கென்று ஒரு மூலையில் பாய் விரித்து, ஓர் ஆயாவை அமர்த்துவது மற்றொரு வழி. இரண்டாவதற்கு ஆகும் செலவு ஒருவரின் ஊதியம் மட்டுமே. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் நிலையும் இத்தகையதே. சாய்தளமும், உடனிருந்து உதவ ஒருவரும் இல்லாத மன்றம் அவர்களை 'வரலாம்' என்று சொல்வதில் பொருளில்லை.

ஆய்வு என்பது முன்னறிவிப்பின்றி, சாதாரண வேலை நாளொன்றில், முற்பகலில் நடைபெற வேண்டும். ஆய்வாளர் முதலில் கழிப்பறையையும் தண்ணீர்ப் பானையையும் பார்க்கட்டும். பிறகு ஏதேனும் ஒரு பணியாளரிடம், அவர் பொறுப்பிலுள்ள குழந்தைகளின் பெயர்களைக் கேட்கட்டும். பெயர் தெரிந்தவர், எந்தக் குழந்தைக்கு வலிப்பு வரும், எந்தக் குழந்தைக்கு நிலக்கடலை ஒவ்வாது, எவரை அழைத்துப்போக யார் வருவார் என்பதையும் பெரும்பாலும் அறிந்திருப்பார். அரை மணி நேரம் ஒரு மூலையில் அமர்ந்து, பெரியவர்கள் பேசும் நேரம் எவ்வளவு, குழந்தைகள் பேசும் நேரம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளட்டும். இதற்குத் தனித் துறை வேண்டியதில்லை. வட்டாரக் கல்வி அலுவலரும், அங்கன்வாடி மேற்பார்வையாளரும், சுகாதார ஆய்வாளரும் சேர்ந்தால் போதும். அறிக்கையை மன்றத்தின் வாயிலில் ஒட்டினால் பெற்றோரும் அறிவர். தெரியாதிருந்த தரம் ஓரளவு தெரிந்த தரமாகும்.

நிதியாண்டின் நாள்காட்டி இப்பணிக்கு எதிரியாக அமைந்துள்ளதையும் நிருவாகத்தில் உள்ளோர் கவனிக்க வேண்டும். நிதியாண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்குகிறது. விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. ஒதுக்கீடு மாவட்டத்தை அடைவதற்குள் பள்ளிகள் மீண்டும் திறந்துவிடுகின்றன. ஆகவே மார்ச் இறுதியில் அவசரமாக வாங்கிய பொருள்கள் இருப்பறைக்குச் செல்கின்றன. மே மாதத்தில் ஆயாவுக்குக் கொடுக்க ஊதியம் இருப்பதில்லை. உள்ளாட்சி அமைப்புகள் தம் சொந்த நிதியிலிருந்து முன்பணம் வழங்கிப் பின்னர் ஈடுசெய்துகொள்ள அனுமதிக்கலாம். ஆள்களைத் தேர்ந்தெடுப்பதும் காவல்துறைச் சரிபார்ப்பும் ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். காஷ்மீரம், லடாக், இமாசலப் பிரதேசத்தின் உயர்ந்த பகுதிகள் ஆகியவற்றில் நீண்ட விடுமுறை குளிர்காலத்தில் வருகிறது; அங்கு மன்றத்திற்கான ஏற்பாடு அக்டோபரிலேயே தொடங்கியாக வேண்டும். பானைத் தண்ணீரின் இடத்தில் கணப்பும் கம்பளியும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.